லொறிக்கு வெளி லைற் பாரும் லைற் தகடும்: பார்த்து வாங்கி, பழுதில்லாமல் பூட்ட

லொறிக்குக் கூடுதலாகப் பூட்டும் வெளி லைற்றுக்கு இரண்டு வேலை. ஒன்று, சாரதிக்கு ரோட்டைக் காட்டுவது. மற்றது, ரோட்டில் வருகிறவருக்கு லொறியைக் காட்டுவது. முன்னால் பூட்டும் லைற் பார் (பல எல்ஈடியை வரிசையாக அடுக்கிய நீள லைற்) முதல் வேலைக்கு. பக்கத்திலும் பின்னாலும் தகட்டில் பதிக்கும் சிறிய லைற்றுகள் இரண்டாவது வேலைக்கு. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். பெரும்போக அறுவடை நேரம் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலிருந்து நெல் ஏற்றி வெளிக்கிடும் லொறிக்கு வழியில் ரயர் வெடித்தால் இருட்டில் ஓரங்கட்டித்தான் நிற்க வேண்டும். எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிற நேரம், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்த லொறியின் பின்பலகை வெறும் இருட்டுத்தான்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எல்ஈடி லைற் தானாக எரிந்து முடிவது குறைவு. தண்ணீர் உள்ளே போவது, உப்புப் பிடித்த எர்த் (மைனஸ் லொறியின் இரும்போடு சேரும் இடம்), முறுக்கி ரேப் சுற்றிய வயர் மூட்டு ஆகிய மூன்றுமே அதைக் கொல்கின்றன. இந்த மூன்றையும் நினைத்தே லைற்றைத் தெரிவு செய்யுங்கள், வயரையும் இழுங்கள்.

முதலில் வோல்ற்றேஜ்

பெரிய லொறி, டிப்பர், பிரைம் மூவர் பெரும்பாலும் 24 வோல்ற். 12 வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராகப் போட்டிருப்பார்கள். சின்ன லொறிகளில் 12 வோல்ற் வரும். சொல்லக் கேட்டு முடிவெடுக்காமல் பற்றரிப் பெட்டியைத் திறந்து மீற்றர் வைத்துப் பாருங்கள். 24 வோல்ற் லொறியில் என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேற்றர் 27.5 முதல் 28.5 வோல்ற் வரை கொடுக்கும். அதனால் "24 வோல்ற்" என்று மட்டும் எழுதிய மலிவு லைற்றை விட "10–30 வோல்ற்" என்று வீச்சுப் போட்டதை வாங்குங்கள்.

இணையத்தில் காணும் அழகான லைற் தகடுகளில் பல அமெரிக்க லொறிகளுக்குச் செய்தவை. அங்கே பெரிய லொறியும் 12 வோல்ற்றில்தான் ஓடுகிறது. அதே லைற்றை இங்கே 24 வோல்ற்றில் கொடுத்தால் உடனே போகாவிட்டாலும் சில நாளில் போய்விடும். அதற்கு மாற்றாக இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்ய வேண்டாம். அந்த ஒரு பற்றரி எப்போதும் குறைந்தே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 12 வோல்ற் தேவையென்றால் 24இலிருந்து 12க்குக் குறைக்கும் கொன்வேற்றர் ஒன்று போடுங்கள்.

எங்கே, எத்தனை, என்ன நிறம்

நிற ஒழுங்கு எளிது: முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பின்னால் வெள்ளை என்றால் ரிவேர்ஸ் லைற்றும் நம்பர் பிளேற் லைற்றும் மட்டும். முன்னால் சிவப்பு கூடாது. நீலமும், மாறி மாறி மின்னும் எதுவும் பொலிஸ், அம்புலன்ஸ் போன்றவற்றுக்கு உரியவை. 2025 ஜனவரியில் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டிய அலங்கார விளக்குகளையும் உதிரிகளையும் பொலிஸார் கழற்ற வைத்ததை எல்லோரும் கண்டோம். நிறமும் இடமும் சரியாக, மின்னாமல், கண் கூசாமல் இருக்கிற லைற்றுக்குக் காரணம் சொல்லலாம். அலங்காரத்துக்குச் சொல்ல முடியாது. கம்பனி போட்ட லைற்றுகள் எல்லாம் அப்படியே வேலை செய்ய வேண்டும். கூட்டிப் பூட்டுவது அவற்றை மறைக்கவும் கூடாது, அவற்றுக்குப் பதிலாகவும் இருக்கக் கூடாது.

இடைவெளிக்கு ஐரோப்பிய ஒழுங்குவிதி நல்ல அளவுகோல். அங்கே 6 மீற்றருக்கு மேல் நீளமான வாகனத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் லைற் கட்டாயம். முன்முனையிலிருந்து 3 மீற்றருக்குள் முதலாவது, பின்முனையிலிருந்து 1 மீற்றருக்குள் கடைசி, இடையில் 3 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. உயரம் நிலத்திலிருந்து 25 சென்றிமீற்றர் முதல் 1.5 மீற்றர் வரை. எங்கள் 20 அடி பொடிக்கு (சாமான் ஏற்றும் பெட்டிக்கு) ஒரு பக்கத்துக்கு நாலு போதும். ஆறு போட்டால் நிறைவு. ஒரு அடிக்கு ஒன்று வைத்தால் லொறியின் நீளம் அதைவிடத் தெளிவாகத் தெரியப் போவதில்லை, மூட்டுகள்தான் கூடும். ஒவ்வொரு மூட்டும் நாளைக்குத் தண்ணீர் போகிற ஒரு வாசல்.

பின்னால் அதிகமாகப் போடுவதில் வேறொரு ஆபத்து. பிரேக் லைற்றுக்குப் பக்கத்தில் அதே சிவப்பில், அதே வெளிச்சத்தில் பத்து லைற் எப்போதும் எரிந்தால், பிரேக் பிடித்தது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கூட்டிப் போடும் சிவப்பு மங்கலானதாக, பிரேக் லைற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். நடுவில் மூன்று, ஓரத்தில் ஒவ்வொன்று என்று ஐந்து நல்ல கணக்கு. நடு மூன்று அகலமான வாகனம் என்பதைக் காட்டும். ஓரத்து இரண்டும் அகலம் எவ்வளவு என்பதைக் காட்டும்.

தகட்டை எந்த உயரத்தில் வைப்பது என்று முடிவு செய்ய முன் டெயில்போட்டைக் கீழே இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது அது லைற்றில் இடிக்குமா, இறக்கியபடி ஓடினால் லைற்றை மூடுமா? வைக்கோல் ஏற்றுகிற லொறிக்கு மேல் லைற் பயனில்லை, தொங்கும் வைக்கோல் மூடிவிடும். டிப்பருக்கு, தூக்கும் பொடியில் லைற் வைத்தால் வயர் ஒவ்வொரு தூக்கலிலும் மடங்கி நிமிரும். அசையாத சேசிஸ் பக்கமே நல்லது. கல்முனை, வாழைச்சேனைப் பக்கம் மீன் ஏற்றும் லொறிக்கு இன்னும் கவனம் வேண்டும். ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் பின் தகட்டின் மேலேயே விழும். தகட்டைப் பூட்ட முன் அந்தத் தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்து, லைற்றுக்குக் கீழே போகும்படி திருப்பி விடுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த லைற் போட்டாலும் காசு வீண்.

லைற்றோடு பிரதிபலிக்கும் ரேப்பும் ஒட்டுங்கள்: 2 அங்குல அகலம், பக்கத்துக்கு மஞ்சள் அல்லது வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. பற்றரி செத்துக் கிடக்கும் லொறியையும் அது காட்டும். ஒட்ட முன் பெயின்ற்றைச் சோப்பால் கழுவி, காயவிட்டு, தின்னர் துணியால் துடைக்க வேண்டும். தூசிக்கு மேல் ஒட்டியது கச்சான் காலத்திலேயே உரிந்துவிடும்.

தகடு

கடையில் "ஸ்ரெயின்லெஸ்" என்று ஒரே சொல்லில் விற்பார்கள், ஆனால் ரகம் பல. கடற்காற்றுக்கு 304 வேண்டும், காசு இருந்தால் 316. காந்தம் இறுகப் பிடித்தால் அது 430 போன்ற ரகம். கரையோரத்தில் சீக்கிரம் துருப் புள்ளி விழும். காந்தம் பிடிக்கவில்லை என்பதற்காக 304 என்றும் சொல்ல முடியாது, 201 ரகத்தையும் காந்தம் பிடிக்காது. அதனால் பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற இடத்தில் வாங்க வேண்டாம்.

தடிப்பு 1.2 மில்லிமீற்றர் குறைந்தது, 1.5 நல்லது. மேல் கீழ் ஓரங்களை அரை அங்குலம் மடித்து எடுத்தால் அதிராது. மடிப்பில் தண்ணீர் தேங்காமல் கீழ் மடிப்பில் ஒரு அடிக்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர் துளை போடுங்கள். 20 அடிக்கு ஒரே தகடு வேண்டாம். சுமையோடு குண்டு குழியில் போகும்போது சேசிஸ் முறுகும், ஒற்றைத் தகடு போல்ற் இடத்தில் கிழியும். 4 அடித் துண்டுகளாக, இடையில் 5 மில்லிமீற்றர் விட்டுப் பூட்டுங்கள். நடு போல்ற் துளை வட்டமாகவும் மற்றவை நீள்வட்டமாகவும் இருந்தால் வெயிலில் தகடு விரிய இடம் கிடைக்கும். அலுமினியப் பொடியில் ஸ்ரெயின்லெஸ் தகடும் போல்ற்றும் நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். இடையில் 3 மில்லிமீற்றர் றப்பர் பட்டியும் நைலோன் வோஷரும் வையுங்கள்.

லைற்றைச் சோதித்து வாங்குவது

பெட்டியில் ஐபி67 என்று இருக்கும், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்று அர்த்தம். உண்மையா என்று பார்க்க ஒரு வாளி போதும். முழுத் தொகையையும் வாங்க முன் ஒன்று மட்டும் வாங்கி, அரை மணித்தியாலம் எரிய விடுங்கள். சூடாக இருக்கும்போதே அணைத்து, வாளித் தண்ணீருக்குள் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். சூட்டில் விரிந்திருந்த உள்காற்று குளிர்ந்து சுருங்கும். சீல் நல்லதில்லை என்றால் தண்ணீரை உள்ளே இழுக்கும். துடைத்து, மறுபடி எரியவிட்டு, கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிகிறதா என்று பாருங்கள். ரோட்டிலும் இதேதான் நடக்கிறது. ஓட்டம் முடிந்த சூட்டோடு லொறியைக் குளத்துக்குள் இறக்கிக் கழுவும் பழக்கமே பல லைற்றுகளுக்கு எமன். லைற்றை அணைத்து, ஆறவிட்டுக் கழுவுங்கள்.

பின்பக்கம் முழுவதும் பிசின் ஊற்றி அடைத்த லைற், கண்ணாடியைத் திருகாணியால் பூட்டிய லைற்றை விடப் பல மடங்கு தாங்கும். பிந்தியதைத் திருத்தலாம் என்பார்கள், ஆனால் திருத்த வேண்டி வருவதே அதனால்தான். வயர் நேரே உடம்பிலிருந்து வெளிவரும் வகை, ஊசி மாதிரிக் குத்தும் சொக்கெற் வகையை விட நல்லது.

லைற் பாரில் எழுதியிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். மல்ற்றிமீற்றரை ஆம்பியர் பக்கத்தில் வைத்துத் தொடராக இணைத்தால் உண்மை தெரியும். வாட்டை வோல்ற்றால் வகுத்தால் ஆம்பியர்: 24 வோல்ற்றில் 120 வாட் என்றால் 5 ஆம்பியர், 300 வாட் என்றால் 12.5 ஆம்பியர். 300 என்று எழுதியது 3 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் அது 72 வாட் லைற். மீற்றரில் பெரும்பாலும் 10 ஆம்பியர் வரைதான் அளக்கலாம், அதற்கு மேல் டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றர் எடுங்கள்.

வயரும் சாமானும்

வீட்டு வயரை லொறிக்குப் போட வேண்டாம். வீட்டு 7/0.67 வயரில் ஏழு தடித்த கம்பிதான். அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். வாகன வயரில் மெல்லிய கம்பி பல இருக்கும். வெள்ளீயம் பூசிய, வெள்ளை நிறக் கம்பி உள்ள வயர் கிடைத்தால் அதை எடுங்கள். சாதாரணச் செம்பு உப்பில் பச்சையாகி, வயரின் உள்ளேயே பல அங்குலம் கறுத்துப் போகும். பிறகு வெட்டி வெட்டி நல்ல செம்பைத் தேட வேண்டும்.

அளவு இப்படி. இருபது அடி லொறிக்கு இரு பக்கமும் பன்னிரண்டு, பின்னால் ஐந்து, மொத்தம் பதினேழு லைற். ஒன்று 1 வாட் என்றால் 17 வாட், 24 வோல்ற்றில் முக்கால் ஆம்பியருக்கும் குறைவு. பிரதான வயர் 1.5 சதுர மில்லிமீற்றர், ஒவ்வொரு லைற்றுக்கும் பிரியும் வால் 0.75, பியூஸ் 5 ஆம்பியர். இந்தச் சுமைக்கு இன்னும் மெல்லிய வயரும் போதும். ஆனால் மெல்லிய வயர் இழுபட்டு அறும். தடிப்பு இங்கே பலத்துக்காக. 120 வாட் லைற் பாருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 24 வோல்ற்றில் 7.5 அல்லது 10 ஆம்பியர் பியூஸும்.

இவற்றோடு 24 வோல்ற் ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விச்) அதன் சொக்கெற்றும், தண்ணீர் புகாத பியூஸ் ஹோல்டர், உட்புறம் பசை உள்ள ஹீற் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை), வயரில் நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் முனைகள், வயரை உள்ளே விட 10 மில்லிமீற்றர் நெளிவுக் குழாய், றப்பர் உறை போட்ட கிளிப், நழுவாத நைலோன் நட்டோடு எம்6 ஸ்ரெயின்லெஸ் போல்ற், கறுப்புக் கேபிள் ரை. வெள்ளைக் கேபிள் ரை வெயிலில் உக்கி உடையும். 12 வோல்ற் ரிலேயை 24இல் போட்டால் சுருள் எரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், எழுத்தை வாசித்து வாங்குங்கள்.

பூட்டுவது

பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். தகட்டை லொறியில் பிடித்து அளவு குறித்த பின், தகட்டை நிலத்தில் வைத்துத் துளையிடுங்கள். லொறியில் வைத்துத் துளையிட்டால் பின்னாலிருக்கும் காற்றுக் குழாயில் டிரில் ஏறும்.

ஸ்ரெயின்லெஸ்ஸுக்கு வேகம் எதிரி. வேகமாகச் சுற்றினால் அந்த இடம் சூடேறி இறுகும், பிறகு எந்த டிரில்லும் இறங்காது. கோபால்ற் டிரில், மெதுவான சுற்று, அழுத்தமான கை, எண்ணெய். சென்ரர் பஞ்ச் அடித்து, 4 மில்லிமீற்றரில் வழிகாட்டித் துளை போட்டு, பிறகு படி டிரில் அல்லது ஹோல்சோ. முக்கால் அங்குல லைற்றுக்கு முக்கால் அங்குலத் துளை. பெரிய வட்ட லைற்றுக்குத் துளை லைற்றின் அளவு அல்ல, அதைச் சுற்றி வரும் றப்பர் வளையத்தின் பள்ளத்து அளவு. வேர்னியரால் பள்ளத்தை அளந்து, பழைய தகரத் துண்டில் ஒன்று துளைத்து, வளையம் இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே நல்ல தகட்டைத் தொடுங்கள். துளை ஓரத்தின் பிசிறை அரைவட்ட அரத்தால் எடுக்காவிட்டால் அது வளையத்தை வெட்டும். அந்த வெட்டில் லைற் விழுந்துவிடும். வளையத்தை உள்ளே தள்ளச் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் றப்பரை ஊதவைக்கும்.

சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தான், விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஏற்கெனவே இருக்கிற துளைகளில் பிராக்கெற் பூட்டுங்கள், அல்லது பொடியின் குறுக்குச் சட்டத்தில் பிடியுங்கள். சேசிஸில் வெல்டிங்கும் வேண்டாம். பொடிச் சட்டத்தில் வெல்டிங் செய்யத்தான் வேண்டுமென்றால் பற்றரி இரு முனையையும் கழற்றி, கம்பியூட்டர் உள்ள லொறியில் அதன் பிளக்கையும் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு மிக அருகில் பிடித்து, லைற் எதையும் பூட்டுவதற்கு முன் செய்து முடியுங்கள்.

இனி மின்சாரம். பார்க் லைற் வயரிலிருந்து நேரே பதினேழு லைற்றுக்கும் இழுக்க வேண்டாம். பழைய லொறிகளில் அந்த வயரும் ஸ்விச்சும் ஏற்கெனவே களைத்துப் போனவை. புதிய லொறிகளில் பல்ப்பைக் கண்காணிக்கும் கம்பியூட்டர் கூடுதல் சுமையைக் கண்டு பிழை காட்டும். பற்றரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கு. 87இலிருந்து லைற்றுகளுக்கு. 86க்குப் பார்க் லைற் வயரிலிருந்து ஒரு சின்ன வால், 85 எர்த்துக்கு. இப்படிச் செய்தால் பார்க் லைற் ஸ்விச்சைப் போட்டதும் எல்லாம் எரியும், என்ஜின் நின்றாலும் எரியும். ஓரங்கட்டி நிற்கும் இரவில் அதுதான் தேவை. முக்கால் ஆம்பியர் விடிய விடிய எரிந்தாலும் 10 ஆம்பியர் மணிக்குள்தான் போகும்.

எர்த்தில் சோம்பல் வேண்டாம். ஒவ்வொரு லைற்றின் மைனஸையும் பக்கத்துப் போல்ற்றில் கடிக்க விடுவது வேகமான வேலை, ஆனால் முதல் மாரியிலேயே திரும்பி வரும். பிளஸ்ஸோடு கூடவே மைனஸ் வயரையும் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தின் பெயின்ற்றை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, பல் வோஷர் வைத்து இறுக்கி, மேலே கிறீஸ் அல்லது வஸ்லின் பூசிவிடுங்கள்.

மூட்டுகளுக்குக் கிரிம்ப் போட்டு, பசை உள்ள ஹீற் ஷ்ரிங்கைச் சுட்டுச் சுருக்குங்கள்; இரு முனையிலும் பசை துளி வெளியே தெரிந்தால்தான் அடைபட்டது. கிரிம்ப்புக்குப் பதிலாக ஈயம் உருக்கி ஒட்டினால் ஈயம் முடிகிற இடத்தில் வயர் கம்பி போல் விறைக்கும், அதிர்வில் அங்கேயே முறியும். வயரை வெட்டாமல் பல்லால் கடித்துப் பிடிக்கும் அந்தச் சிறு பிளாஸ்ரிக் கிளிப்பை இந்தக் கரையில் பாவிக்கவே கூடாது. அது வயரின் தோலைக் கிழித்து உப்புக்கு வழி விடுகிறது. லைற்றுக்குள் போகும் வயர் கீழிருந்து மேலே ஏறும்படி ஒரு தொங்கல் விடுங்கள், வழியும் தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிப் போகும்.

வயர் போகும் குழாயை ஒரு அடிக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடியுங்கள். சைலன்சரிலிருந்து குறைந்தது அரை அடி தள்ளி. பிரேக் காற்றுக் குழாயோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். புரொபெலர் ஷாஃப்ற் பக்கம் தொங்க விட வேண்டாம். தகரத்தில் வயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் றப்பர் வளையம் வேண்டும்.

எல்லாம் முடிந்து லைற் எரியும்போது இரண்டு அளவு எடுங்கள். பற்றரி வோல்ற்றேஜுக்கும் கடைசி லைற்றில் கிடைக்கும் வோல்ற்றேஜுக்கும் வித்தியாசம் அரை வோல்ற்றைத் தாண்டக் கூடாது. கடைசி லைற்றின் மைனஸுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் நல்லதில்லை. இன்றைக்கே கழற்றித் திருத்துங்கள்.

ட்ரெய்லர்

பிரைம் மூவருக்குப் பின் வரும் ட்ரெய்லருக்கு லைற் தகடு போடும்போது இரண்டையும் இணைக்கும் ஏழு முனைச் சொக்கெற்றின் ஒழுங்கு தெரிய வேண்டும். ஐஎஸ்ஓ 1185 என்ற சர்வதேச முறையில் 1 வெள்ளை எர்த், 2 கறுப்பு இடது டெயில் லைற், 3 மஞ்சள் இடது சிக்னல், 4 சிவப்பு பிரேக், 5 பச்சை வலது சிக்னல், 6 மண்ணிறம் வலது டெயில், 7 நீலம் ட்ரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக்கு. பல கை மாறிய ட்ரெய்லரில் நிறத்தை நம்பாமல் டெஸ்ற் லாம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இடப்பக்கத் தகட்டை இரண்டிலிருந்தும் வலப்பக்கத் தகட்டை ஆறிலிருந்தும் எடுத்தால் ஒரு பக்கம் போனாலும் மற்றப் பக்கம் எரியும். இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டால் ஒரு சோர்ட்டில் முழு ட்ரெய்லரும் இருட்டு.

சிக்னல் பல்ப்பை எல்ஈடிக்கு மாற்றினால் சிக்னல் படபடவென்று வேகமாக மின்னும், ஏனென்றால் 21 வாட் சுமை இல்லாததைப் சிக்னலை மின்ன வைக்கும் பழைய பிளாஷர் "பல்ப் போய்விட்டது" என்று எடுத்துக்கொள்கிறது. எல்ஈடிக்குரிய 24 வோல்ற் பிளாஷரைப் போடுவது சுத்தமான வழி. ரெசிஸ்ற்றர் போடுவதானால் அது கைவைக்க முடியாத சூடு ஏறும். பிளாஸ்ரிக்கில் அல்ல, இரும்பில் பூட்டுங்கள்.

முன் லைற் பார்

செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா வழியாகப் பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில் இரவு ஓடுகிறவர்களுக்கு முன் லைற் பார் தேவைப்படுவது நியாயம்: மாடு, யானை, வளைவு. ஆனால் அதைத் தனி ஸ்விச்சில் மட்டும் விட்டால் மறந்துபோய் எதிரே வருகிறவரின் கண்ணை அவிக்கும். ஹை பீம் போட்டால் மட்டும் எரிய, டிம் அடித்தால் அணைய வேண்டும். ஸ்விச் அதற்கு மேல் ஒரு தடை மட்டுமே.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜப்பான் லொறிகள் பலவற்றில் ஹெட்லைற் ஸ்விச் பிளஸ்ஸை அல்ல, மைனஸைத்தான் திறந்து மூடுகிறது. ஹை பீம் வயரை 86க்குக் கொடுத்து 85ஐ எர்த் செய்தால் ரிலே தலைகீழாக வேலை செய்யும். ஹை பீம் போட்டு, ஹெட்லைற் பிளக்கின் மூன்று முனையையும் மீற்றரால் எர்த்துக்கு எதிராக அளந்து பாருங்கள். ஹை முனை 24 காட்டினால் வழக்கமான முறை. ஹை முனை பூச்சியம் காட்டி, பொது முனை 24 காட்டினால் மைனஸ் ஸ்விச். அப்போது பொது முனையை 86க்கும் ஹை முனையை 85க்கும் கொடுங்கள்.

கூரையில் பூட்டினால் காற்று விசிலடிக்கும், கூரைத் துளையால் மழை ஒழுகும், மழையிலும் பனியிலும் வெளிச்சம் கண்ணுக்கு நேரே திரும்பி வரும். பம்பரில் பூட்டுவது நல்லது. மூக்கில்லாத கபினை முன்னுக்குக் கவிழ்த்துப் பார்த்து, பாரில் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். சேசிஸிலிருந்து கபினுக்குப் போகும் வயருக்கு கீல் பக்கத்தில் தாராளமான தொங்கல் வேண்டும். நீல வெள்ளையை விட 4300 கெல்வின் அளவிலான மஞ்சள் சார்ந்த வெள்ளை மாரி மழையில் கண்ணுக்கு இதம். 10 மீற்றர் தூரத்துச் சுவரில் வெளிச்சத்தின் நடு, லைற் இருக்கும் உயரத்தை விட 10 சென்றிமீற்றர் கீழே விழும்படி, பாரம் ஏற்றிய நிலையில் திருப்பி இறுக்குங்கள். வெறும் லொறியில் சரிசெய்தால் பின் அமிழ்ந்ததும் முன் நிமிரும். யானை நிற்பது தெரிந்தால் தூரத்திலேயே நிறுத்தி, பாரை அணைத்து, டிம்மில் இருங்கள்.

பிழை பிடிப்பது

பிரேக் பிடித்தால் டெயில் லைற் மங்குகிறதா, சிக்னலோடு சேர்ந்து மற்ற லைற்றும் துடிக்கிறதா? எர்த். மின்சாரம் தன் வழி அடைபட்டு வேறு லைற் வழியாகத் திரும்புகிறது. மழையில் மட்டும் பியூஸ் போனால், தகரத் துளையில் தோல் உரிந்த வயரைத் தேடுங்கள். டெயில்போட் கீலின் பக்கம் முதலில் பாருங்கள். வரிசையில் ஒரு லைற்றிலிருந்து பின்னால் எல்லாம் செத்திருந்தால், கடைசியாக எரிகிற லைற்றுக்கும் முதலாவதாகச் செத்த லைற்றுக்கும் இடைப்பட்ட மூட்டுத்தான். அணைத்த பிறகும் மின்மினி போல் மங்கலாக எரிந்தால், கண்காணிக்கும் கம்பியூட்டரின் சோதனை மின்சாரம் ரிலே இல்லாமல் நேரே லைற்றுக்குப் போகிறது. சில மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், என்ஜின் வேகத்தில் வைத்து பற்றரியை அளந்து பாருங்கள். 29ஐத் தாண்டினால் லைற்றைக் குற்றம் சொல்லாமல் ஆல்டர்னேற்றர் ரெகுலேற்றரை மாற்றுங்கள்.

வாடைக்காற்று தொடங்குகிற ஒக்ரோபரில் ஒரு முறை, மாரி முடிந்து அறுவடைக்கு முன் ஒரு முறை எர்த் போல்ற்றைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். தகட்டின் கீழ்த் துளைகளில் அடைத்த சேற்றை ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். மீன் லொறிக்கு இதை மாதம் ஒரு முறை செய்ய வேண்டும், நல்ல தண்ணீரால் பின் தகட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும்.